நூலகத்துக்குள் ஒரு கரும்பலகை

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு கல்லூரிக்கு நூலகராகப் போனேன். நூலகம் என்று பெயர்தான். ரயில் டிக்கெட் கொடுக்கிற இடம் மாதிரி ஒரு கம்பி ஜன்னல். புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதி நீட்டினால் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்போம். பெயர் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? முன்னால் நிற்பவன் எழுதியதைப் பார்த்து எழுதும். வேதியியல் மாணவன் சோழர் வரலாற்றை வாங்கிக்கொண்டு போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல்வரிடம் போய் நின்றேன். ஜன்னலை அடைத்துவிடலாம், அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி நடுவில் மேசைகளும் ஒரு கரும்பலகையும் போடலாம், வகுப்பையே அங்கே நடத்தலாம், பிள்ளைகள் பேசிப் படிக்கட்டும் என்றேன்.

"நூலகத்துல பேச்சா?" என்றார். கணக்கு வாத்தியாராக இருந்து முதல்வரானவர். அரையாண்டுவரை பார்ப்பேன், சரிப்படாவிட்டால் அறையில் தேர்வுத்தாள் கட்டுகளை அடுக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஜன்னலை அடைத்து, மேசைகளும் பலகையும் போட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். ஒரு ஈ காக்கைகூட உள்ளே வரவில்லை. மாமல்லபுரம், புதுப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் பஸ்ஸில் வந்து வேப்பமரத்தடியில் நிற்பார்கள். புத்தகம் வேண்டுமானால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்கு வெளியிலேயே நின்று சீட்டை நீட்டுவார்கள். உள்ளே கூப்பிட்டால், "இன்னா சார், நாங்கல்லாம் வரலாமா?"

வயிற்றெரிச்சலில் ஒருநாள் தாழ்வாரத்துத் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். புத்தகத்துக்கு வராதவர்கள் தாகத்துக்கு வந்தார்கள். விசிறிக் காற்று பிடித்துப்போய் உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார முடியாமல் கைக்கு எட்டியதைப் புரட்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

அவர்களில் ஒருத்தி புதுப்பட்டினத்து மளிகைக்கடை பாயின் மகள், கணக்கு மாணவி. பையன்களோடு வரிசையில் நிற்கக் கூசி, ஜன்னல் இருந்தவரை ஒரு புத்தகமும் வாங்காதவள். இப்போது சாக்பீஸை அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

அரையாண்டு நெருங்கும்போது முதல்வர் வந்தார். உள்ளே மீன் மார்க்கெட் இரைச்சல். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண் பலகையைப் பார்த்தபடி, அதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒருவனை அதட்டிக்கொண்டிருந்தாள்: "அண்ணே, அங்க இன்னாத்துக்கு மைனஸ் போட்டுகினு கீறீங்க?"

முதல்வர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த மூணாவது வரி எப்படி வந்துச்சு?" என்றார்.

அவள் திரும்பவே இல்லை. "லேட்டா வந்தா இப்படித்தான். உக்காருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன்."

ஒரு பையன் அவசரமாக நகர்ந்து இடம் விட்டான். முதல்வர் உட்கார்ந்தார். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.