கூரை போட்ட சின்னப் படகு

பத்தாவதோடு நின்றவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பொன்னேரியில் சாலைக்கு ஊற்றிய தாரின் வாசனையில், பாலம் வருவதற்கு முன்பு பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையைத் தாண்டி இருந்த படகுத்துறை நினைவுக்கு வந்தது. தார் பூசிய பலகையும் சேறும் ஏறி இறங்குகிறவர்களின் சலிப்பான பேச்சுமாக நாளெல்லாம் களைத்துக் கிடக்கும் இடம். அங்கே நைனா பயணிகள் படகு ஓட்டினார். உச்சிவெயிலில் மீன் கூடையோடு அக்கரை போய்வரும் அம்மாவுக்குத் தலைவலி தீரவே இல்லை என்பதால், படகுக்குக் கூரை போடச் சொல்லி நான் நச்சரித்தேன்.

"காத்துல கவுந்துடும் கண்ணு. சின்னதா ஒண்ணு செஞ்சு ஓட்டிக் காட்டு, போடுறேன்" என்றார்.

முருங்கைக் கட்டையைக் குடைந்து, தார் பூசி, ஓலைக் கூரை வைத்து, ஆட்களுக்குப் பதில் கிளிஞ்சல்களை உட்காரவைத்து, பல சாயங்காலங்கள் செய்தேன். நைனா பார்க்கத் துறைத் தண்ணீரில் தள்ளிவிட்டதும் நேராகத்தான் போனது. காற்று கூரைக்குள் புகுந்ததும் சாய்ந்து, கிளிஞ்சல்கள் ஒரே பக்கம் சரிய, கவிழ்ந்தது.

அக்கரையிலிருந்து வந்து இறங்கிய அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அத்தினி பேரையும் சாவடிச்சிட்டியேடி. உடு, வெயிலு நமக்கு இன்னா புதுசா" என்று சிரித்தாள்.

மறுநாள் அம்மா தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு மதியப் படகில் போனாள்.