நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

பத்தாவதோடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். இதை வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

என் மனைவி செல்விக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். கதிர்வீச்சுக்காகத் திண்டிவனத்திலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்வந்தோம். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார்கள்.

நான்காம் நாள் செல்வி பயந்துபோய், "இன்னாங்க, வெளிக்கிப் போனா தாரு மாதிரி கருப்பா போவுது. டாக்டரம்மாகிட்ட கேளுங்க" என்றாள்.

"இதப் போயி பொம்பள டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறது? அந்த மாத்திரைய நிறுத்திடு."

"நல்ல ஆம்பள! பொண்ணு பாக்க வந்தப்பகூட பேரு கேக்கலியே நீங்க" என்று சிரித்தாள். மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டருக்கு முகம் மாறியது.

"கட்டிக்கு நடுவுல ஆக்ஸிஜன் சரியா போகாதும்மா. அங்க இருக்கற செல்லுங்க கதிருக்கு லேசுல சாகாது. ரத்தம் கொறஞ்சா இன்னும் மோசம். மாத்திரை சாப்பிட்டீங்களா, இல்லியா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "கருப்பா போச்சுங்க. நாந்தான் பயந்துக்கினு நிறுத்திட்டேன்" என்றாள்.

"மாத்திரைக்கு அப்படித்தான் போகும். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று டாக்டர் அவளைத் திட்டினார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கட்டி முழுதாகக் கரையவில்லை. ஆறு மாதத்தில் செல்வி போய்விட்டாள். மாத்திரையை விட்டதால்தானா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் திட்டியதற்கு மறுநாள் அவளுக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அது இறங்கி முடியும்வரை, நிறுத்தச் சொன்னது நான்தான் என்று டாக்டரிடம் போய்ச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது; சொல்லவில்லை.