முறை தவறாத மனிதர்

அப்பாவின் அடக்கத்தில் பாதிரியார் அவரை ‘முறை தவறாத மனிதர்’ என்று புகழ்ந்தார். எனக்கு அந்தச் சொல் கசந்தது.

அப்பா சொசாயா, டோங்காவின் நெய்யாஃபு துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அவர் தங்கை பிரசவத்தில் இறந்தபோது, அவள் கணவன் வேலைக்காக ஆக்லாந்து போயிருந்தான்; திரும்பவே இல்லை. குழந்தை பெனியை அப்பாதான் வளர்த்தார்.

எங்கள் ஊரில் மருமகனுக்கு முன் தாய்மாமன் தாழ்ந்தவன். மாமன் வீட்டில் அவன் எதை எடுத்தாலும் தடுக்கக்கூடாது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிக்கொண்டு பெனி கிளம்பிவிடுவான்.

“டேய், நான் வெறும் உடம்போட ஜெபத்துக்குப் போகவா?”

“சட்டை உங்களோடதுதான் மாமா. ஆனா நீங்களே என்னோட ஆள்தானே!”

அப்பா திட்டிக்கொண்டே பழைய சட்டையைத் தேடுவார். முகத்தில் சிரிப்பு அடங்காது.

பெனி தலைநகர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்தான். கப்பலில் வந்த பெட்டியைத் தகப்பன் வழி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவனைக் கைக்குழந்தையாக ஒருமுறை மட்டும் பார்த்திருந்த அத்தை லோசே, அவன் தகப்பனின் சகோதரி, ஆக்லாந்திலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில் அத்தை சொல்வதுதான் சட்டம். தாய்வழிக்காரர்களான நாங்கள், தாழ்ந்தவர்கள் என்பதற்கு அடையாளமாக, இடுப்பில் கிழிந்த பெரிய பாய்களைச் சுற்றிக்கொண்டு கொல்லையில் சமைத்தோம். உடலின் பக்கம் நாங்கள் போகக்கூடாது.

எத்தனையோ சாவுகளில் முணுமுணுக்காமல் பன்றி சுட்டவர் அப்பா. அன்று, கொல்லைக்கு வந்த லோசேயிடம் கேட்டுவிட்டார்.

“அம்மா, மூடறதுக்கு முன்னால அவன் முகத்தை ஒரு தடவை பாத்துக்கட்டுமா?”

“மாமன் வந்து பாக்கறதா? ஊரே சிரிக்கும்.” பிறகு அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். “சரி, எல்லாரும் பாத்து முடிக்கட்டும். ஆள் அனுப்பறேன்.”

அப்பா முழங்கை வரை கரியைத் தேய்த்துக் கழுவினார். அதன்பின் எதையும் தொடாமல் நின்றார்.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மனாசே, “என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க? பன்றியை யாரு திருப்பறது, பாதிரியாரா?” என்றான். அப்பா காதில் விழவில்லை.

நேரம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்களே உள்ள போயிடுங்கப்பா. யாரு தடுத்துடுவாங்க?”

“அனுப்பறேன்னு சொல்லியிருக்காம்மா. கூப்பிடாம நுழைஞ்சா, வளர்த்தவன் லட்சணம் இதான்னு பெனியைத்தான் பேசுவாங்க.”

உள்ளே பாட்டு உயர்ந்தது. பிறகு அது வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. பெட்டியை மூடிவிட்டார்கள். அப்பா நெருப்பருகே போய்ப் பன்றிக் கம்பியைப் பிடித்தார்.

சாயங்காலம் லோசே வந்தாள். “பன்றி பதமா வெந்திருந்துச்சு” என்றவள், சட்டென்று வாயைப் பொத்தினாள். “ஐயோ, சொசாயா! வந்தவங்களைக் கவனிச்சதில உங்களை மறந்தே போயிட்டேன்.”

“பரவால்லம்மா. தொடைக்கறி மிச்சம் இருக்கு, இலையில கட்டித் தரட்டுமா?”

அவள் தலையாட்டினாள். அப்பா நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினார்.