டாக்டருக்குப் படிக்கிறவள்

திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சமூகப்பணியில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் படித்தாள் வினோலியா. ஆய்வு, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண்களைப் பற்றியது. சனிக்கிழமைதோறும் தோட்டங்களுக்குப் போவாள். "டாக்டருக்குப் படிக்கிறீகளாமே?" என்று கேட்பார்கள். இது மருத்துவம் இல்லை என்று விளக்கி விளக்கிச் சலித்துப்போய், ஒரு நாள் முத்துப்பேச்சி என்ற பூப்பறிப்பவளிடம் "ஆமா" என்று சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

முத்துப்பேச்சி ஒரு மணி நேரம் தன் உடம்பைப் பற்றியே பேசினாள். செடிக்கு மருந்தடிக்கிற நாளெல்லாம் மூச்சடைப்பு, கண் மங்கல். வினோலியா ஒன்றுவிடாமல் எழுதினாள். நல்ல பேட்டி கிடைத்ததென்று சந்தோஷமாகவே வீடு திரும்பினாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. மூன்றாவது வாரம் போனபோது, முத்துப்பேச்சி செத்துப் பத்து நாளாகியிருந்தது.

அவள் புருஷன் கோபப்படவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அம்புட்டு தடவ கூப்பிட்டேன். 'டாக்டரம்மாட்ட எல்லாஞ் சொல்லிட்டேன், எழுதிக்கிட்டாக, மருந்தோட வருவாக'ன்னே இருந்துட்டா."

வினோலியா நோட்டை மூடினாள்.

"மூடாதீக," என்றான் அவன். "எனக்கும் ரெண்டு நாளாக் கண்ணு மங்குது. எழுதிக்கங்க."