நுழைவறைத் திருப்பம்

கனடாவின் சாஸ்கட்செவன் புல்வெளி ஊர்களுக்குத் தானியக் கிடங்குகளின் வரைபடம் போட்டே காலம் தள்ளிய லெனார்ட் குவெல் கட்டிய ஒரே கோயில் ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயம்தான். பனிக்காற்று நேரே உள்ளே பாயாதிருக்க, நுழைவறையில் குறுகலாக ஒரு திருப்பம் வைத்தார். ஊரே மெச்சியது. அங்கே நடந்த முதல் அடக்க ஆராதனை அவர் மனைவி ஹெஸ்டருடையது. சவப்பெட்டி அந்தத் திருப்பத்தில் முட்டி நின்றுவிட்டது.

"நிமித்திப் புடிங்கப்பா!" என்றார் முன்னால் சுமந்தவர்.

"நிமித்துனா அந்தம்மா உள்ளுக்குள்ள சரிஞ்சிர மாட்டாங்களா, கூறுகெட்டவனே!" என்றார் பின்னால் நின்றவர்.

"வெளியவே ஜெபம் பண்ணிரலாம், குவெல்," என்றார் பாதிரியார் மெல்ல.

"கட்டி முடிக்கிற வரைக்கும் படுக்கையிலேயே கெடந்தா, ஃபாதர். அவ இன்னும் உள்ள வந்து பாக்கலயே."

குவெல் ரம்பம் கேட்டு வாங்கி, தாம் வைத்த பலகைச் சுவரைத் தாமே அறுக்கத் தொடங்கினார். காற்று புகுந்து பீடத்து மெழுகுவர்த்திகளை அணைத்தது. அவர் நிறுத்தவில்லை.