பால்ச்சாமி வெப்சைட்டைக் குடிமாற்றியது

மவுஸைத் தொடுவதற்கு முன்னால் பால்ச்சாமி வலது கையை வேட்டியில் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொள்வார். கையில் ஈரம் இருக்கிறதோ இல்லையோ, துடைத்தாக வேண்டும். செருப்பு வாசலிலேயே கிடக்கும். கம்ப்யூட்டரின் நெற்றியில் குங்குமப் பொட்டு. மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி லைன் கிடைக்கிறவரை, பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். கிடைத்ததும், "வந்துட்டாக" என்பார். யார் வந்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது அதோடு சரி.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வாடகை வீட்டின் முன்னறையில் டைப்பிங், டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. ஒடிசலான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். அதை எடுத்து எழுதி நாங்கள் பார்த்ததில்லை. அச்சாபீசில் எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது.

பத்திரிகைக்கு அடுத்தபடி அவருக்குக் கைவந்த விஷயம் வீடு மாறுவது. இந்த ஊரில் அவர் குடியிருக்காத தெரு குறைச்சல். எந்தக் கிழமை பால் காய்ச்சலாம், எந்தச் சாமான் முதலில் போக வேண்டும், பழைய வீட்டை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "ரெண்டு வீட்டுல வெளக்கு எரியப்படாது, பாத்துக்கோங்க" என்று கடைசியாக ஒரு எச்சரிக்கையும் கொடுத்து அனுப்புவார். கேட்க வராதவர்களுக்கும் கொடுப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு புரோகிராம் எழுதி, அதற்கு 'அழைப்பு' என்று பெயரும் வைத்தார். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் யாருக்கு மேலே வர வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் அது. நகை குறைந்தால்கூட நம் ஆட்கள் சமாளித்துக்கொள்வார்கள். பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டால் பந்தலே இரண்டாகிப் போகும். பெயரையும் உறவையும் தட்டிவிட்டால், எவர் முகமும் சுண்டாதபடி இது அடுக்கிக் கொடுக்கும். காசு கிடையாது. உள்ளே எழுதியதெல்லாம் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கும். உச்சியில் அவர் பாஷையிலேயே நிபந்தனை: "எடுத்துக்கோங்க, திருத்திக்கோங்க. திருத்துனத ஒளிச்சு வைக்காதீக."

அமெரிக்காக்காரன் ஒருவன் இனாமாகக் கொடுத்த இடத்தில் இதற்கு வெப்சைட். வத்திராயிருப்பிலிருந்து பினாங்கு வரைக்கும் அச்சாபீஸ்காரர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள்; திருத்தம் சொல்லி மெயில் எழுதினார்கள். இளைய தாரத்தின் அண்ணனை எந்த வரியில் போடுவது என்று ஒரு மாதம் விவாதம் நடந்ததுண்டு. அந்த விவாதத்தில் மனஸ்தாபமாகிப் பேச்சை விட்டவர்களும் உண்டு.

சும்மா இருந்தவருக்கு ஏன் இந்த வேலை? அவர் கல்யாணத்தில் வந்த வினைதான். முத்துராமலிங்கம் என்று அவருக்கு ஒரே தாய்மாமன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சாபீஸ் வைத்திருப்பவர். பால்ச்சாமி எழுத்துக் கோக்கக் கற்றதே அங்கேதான். தன் கல்யாணப் பத்திரிகையை மாமா அச்சாபீசில் தன் கையாலேயே கோத்தார். சண்டை வரக் கூடாது என்று அகர வரிசையில் அடுக்கினார். அய்யனாரப்பன் என்ற மைக்செட்காரர் உச்சிக்குப் போக, 'மு'வில் தொடங்கிய தாய்மாமன் அடியில் போய் உட்கார்ந்தார். மாமா கல்யாணத்துக்கு வந்தார். தாய்மாமன் சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தார். ஆனால் பந்தியில் உட்காரவில்லை. கை நனைக்காமல் பஸ் ஏறிப் போனவர், அதன்பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வலிதான் புரோகிராம் ஆனது. தாய்மாமன் பெயர் வந்தால் அது உச்சிக்கு ஏறி, சுற்றி மெல்லிசாக ஒரு கட்டமும் போட்டுக்கொள்ளும்.

போன ஐப்பசியில் அமெரிக்காக்காரனிடமிருந்து மெயில். இனாம் இடமெல்லாம் டிசம்பர் கடைசியோடு மூடப்படுகிறது, அவரவர் சாமானை எடுத்துக்கொள்ளவும்.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டான்" என்று அடுக்களைக்குள் வந்து சொன்னார் பால்ச்சாமி.

மனைவி இசக்கியம்மாள் மறுபேச்சுப் பேசாமல் பரணிலிருந்து அண்டாவை இறக்க ஆரம்பித்துவிட்டாள். பழக்கம்தான்.

"இந்த வீடு இல்லட்டி, அமெரிக்கா வீடு."

"அங்க எப்ப வீடு எடுத்தீக?" என்றாள் அவள், அண்டாவைத் தலையில் வைத்தபடியே.

சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று இடம் தருவதாகச் சொன்னது. வத்திராயிருப்பு ஐயாதுரை, புரோகிராமுக்கு அதிகம் திருத்தம் சொன்னவர், போனில் கூப்பிட்டார். "இதுல என்னண்ணே இருக்கு? டிசம்பர் கடைசில அங்க இருக்கத இங்க தூக்கிப் போட்டா முடிஞ்சுது."

"டிசம்பர் கடைசி என்ன மாசம்?" என்றார் பால்ச்சாமி.

"டிசம்பர்தான்."

"மார்கழிய்யா! மார்கழில எவனாவது குடி போவானா?"

கார்த்திகைக்குள்ளேயே போய்விடுவது என்று முடிவாயிற்று. இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி இடியில் அவருடைய ஹார்ட் டிஸ்க் கருகிப் போயிருந்தது. 'அழைப்பு' முழுசாக இருந்தது அந்த வெப்சைட்டில் மட்டும்தான். "இருக்கட்டுமே, அமெரிக்காவுல பத்திரமாத்தான இருக்கு" என்று நிம்மதியாக இருந்தார்.

நல்ல நாள், நல்ல நேரம். வெப்சைட்டை இறக்கி, கம்ப்யூட்டரில் வைக்காமல் நேராகப் பிளாப்பிகளில் ஏற்றினார். புது வீட்டுக்கு முதலில் போக வேண்டியது உப்பும் மஞ்சளும். ஆகவே பித்தளைக் குடத்தில் கல் உப்பைக் கொட்டி, மஞ்சள் பொடி தூவி, பிளாப்பிகளை அதற்குள் செருகி, மேலே பிள்ளையார் படத்தை வைத்தார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்துப் பால் காய்ச்சினாள் இசக்கியம்மாள். பால் கிழக்கே பொங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்தது பழைய வீடு. இரண்டு வீட்டில் விளக்கு எரியக் கூடாதே! அமெரிக்காவில் இருந்ததை ஒவ்வொன்றாக அழித்தார். ஒரு தூசு மிச்சமில்லை. "வீட்டைச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டோம், மிக்க நன்றி" என்று அமெரிக்காக்காரனுக்கு மெயிலும் தட்டினார். அவன் இத்தனை வருஷத்தில் இப்படியொரு குடித்தனக்காரனைப் பார்த்திருக்க மாட்டான்.

அதற்கப்புறம்தான் குடத்தில் கையை விட்டார். பிளாப்பிகள் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி வந்தன. கம்ப்யூட்டருக்குள் போட்டால், அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம். வேட்டி நுனியால் துடைத்தார், ஊதினார், வெயிலில் காயவைத்தார். ஒரு பிளாப்பியும் திறக்கவில்லை.

"உப்புல போட்டா ஊறுகாதான் கெடாது" என்றாள் இசக்கியம்மாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். பத்திரிகையெல்லாம் மார்கழியில்தான் அச்சாகும். தளவாய்புரத்திலிருந்து ஒரு அச்சாபீஸ்காரர் போனில் அழாத குறையாகப் பேசினார். வெப்சைட்டில் ஒன்றுமே இல்லை, கடையில் இரண்டு சம்பந்திகளும் செருப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள், எந்தச் சித்தப்பாவை மேலே போடட்டும் என்று கேட்டார். பால்ச்சாமி ரிசீவரை வைத்துவிட்டார். மாமாவிடம் நேரில் சொல்ல முடியாத ஒரு மன்னிப்பை ஊர் ஊராக அச்சடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார் மனிதர். அதுவும் போயிற்று.

மெயில் எழுதி எல்லாரிடமும் நகல் கேட்டார். வராமல் இல்லை. வந்ததைத் திறந்து பார்த்தால்தான் வயிறு எரிந்தது. ஐயாதுரையின் நகலில் எந்தக் கல்யாணத்தைத் தட்டினாலும் முதல் வரியில் 'வத்திராயிருப்பு ஐயாதுரை அவர்கள்' என்று வந்தது. பினாங்கு நகலில் மாப்பிள்ளையின் சித்தப்பன்கள் எல்லாம் மலேசிய ராஜா கொடுக்கிற பட்டம் வாங்கி டத்தோ ஆகியிருந்தார்கள். இன்னொன்றில் பெண்வீட்டார் பெயரே வராது. பண்ணியவருக்கு மாமனார் வீட்டோடு தகராறாம். ஆளாளுக்குத் திருத்திவிட்டு, ஆளாளுக்கு ஒளித்து வைத்திருந்தார்கள்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் மம்சாபுரத்திலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. இசக்கியம்மாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக் கல்யாணம். பால்ச்சாமி அதை வாங்கி, வழக்கம்போலப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு உறவு வரிசையைப் பார்த்தார். தாய்மாமன் பெயர் உச்சியில். சுற்றி மெல்லிசாக ஒரு கட்டம். உலகத்தில் அந்தக் கட்டத்தைப் போடுவது ஒரே ஒரு புரோகிராம்தான். அடியில், அச்சிட்டவர் பெயரைப் படித்தார். முத்துராமலிங்கம் அச்சகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.

"ஏட்டி, மாமா நம்மளதத்தான் போடுதாக!" என்று கத்தினார். சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

தேரடிக்குப் பின்சந்தில் அச்சாபீஸ். மாமா நரைத்திருந்தார், மற்றபடி முறுக்கு குறையவில்லை. வந்தவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிஷின் ஓட்டுகிறவரிடம், "வந்தவுகளுக்கு என்ன வேணுமாம்னு கேளுங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது பால்ச்சாமி எவ்வளவோ பேச்சுகளைத் தயார் செய்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "மாமா, அதத் திருத்துனீகளா? திருத்தியிருந்தா ஒளிக்கப்படாது."

மிஷின் நின்றது.

"இத்தன வருசம் கழிச்சு வந்து கேக்கான் பாரு கேள்வி!" மாமா எழுந்தே விட்டார். "திருத்தத்தான் செஞ்சேன். ஒளிச்சு வச்சது யாருலே? நீ வந்து கேட்டியா?"

மூலையில் கம்ப்யூட்டர், மல்லுத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. துணியை விலக்கி, ஒரு பொய்க் கல்யாணத்தைத் தட்டினார் மாமா. வேண்டுமென்றே தாய்மாமன் பெயரைக் கையால் இழுத்து அடியில் போட்டார். திரையில் ஒரு கேள்வி வந்தது. 'தாய்மாமன் பேரு கீழ இருக்கு. நெசமாவா?' ஆமாம் என்று தட்டினார். 'நல்லா யோசிச்சீகளா?' ஆமாம். 'அவுக சாப்பிடாமப் போயிருவாக. பரவாயில்லையா?'

மாமா செய்த திருத்தம் இவ்வளவுதான். தன் பெயரை எங்கேயும் நுழைக்கவில்லை, வரிசையைக் கலைக்கவில்லை. பால்ச்சாமி மூன்றாவது கேள்வியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. 'இல்லை' என்று தட்டக் கையை நீட்டினார். முழங்கை ஸ்விட்சில் பட்டுக் கம்ப்யூட்டரே அணைந்து போயிற்று.

"அழாதலே, கீபோர்டுல தண்ணி விழுந்துராம" என்றார் மாமா. 

விஷயத்தை முழுக்கக் கேட்ட பிறகு, உப்புக் குடத்தை நினைத்து மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். மாமாவின் நகலை இப்போது சிங்கப்பூரில் ஏற்றலாம் என்றால் மார்கழி குறுக்கே நிற்கிறதே என்று பால்ச்சாமி இழுத்தார்.

"கார்த்திகைலயே பாலு காச்சிட்டேல்ல?"

"காச்சியாச்சு மாமா. கெழக்கதான் பொங்குச்சு."

"பொறவென்ன? குடி போயாச்சு. சாமான் பின்னாடி வரும்."

வீடு மாறும் சட்டத்தில் தன்னைவிட ஒரு பெரிய வக்கீல் இருக்கிறார் என்று பால்ச்சாமி அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். மாமா நகலெடுத்த பிளாப்பியை வாங்கக் கையை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை.

"ஒங்கிட்ட குடுத்தா நீ புளிச் சட்டிக்குள்ள போட்டுருவ. நானே கொண்டுட்டு வாரேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தார். சட்டைப் பையில் பிளாப்பி, அதன்மேல் பொத்திய கை. முன்னறையில் பால்ச்சாமி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். மோடம் கத்தியது. மாமாவும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். இரண்டு தடவை லைன் அறுந்து, ஒருவழியாகச் சாமானெல்லாம் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"பாத்துக்கோங்க மாமா" என்று வெப்சைட்டைத் திறந்தார். உதவியவர்கள் பக்கம். திரை மேலிருந்து கீழாக, மெள்ள மெள்ள நிறைந்தது. முதல் வரியில் மெல்லிசாக ஒரு கட்டம் விழுந்தது. அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் முத்துராமலிங்கம். ஐயாதுரை, பினாங்கு எல்லாம் கீழே.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "கீழ கெடக்கவன்லாம் சண்டைக்கு வருவானே?"

"வரட்டும் மாமா."

அடுக்களையில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. இசக்கியம்மாள் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். சாப்பிடக் கூப்பிடலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஏ தாயி, கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?"

அவள் நகர்வதற்குள் பால்ச்சாமி எழுந்துவிட்டார். வலது கையை வேட்டியில் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, செம்பை எடுத்தார்.