பெர்பேரியன் வீட்டு மாப்பிள்ளை

சிட்னியில், டூங்கபியிலுள்ள அந்த அங்கிள் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, அவருடைய மகளை என் தம்பிக்குப் பெண் கேட்டுப் போனேன். அன்ரி தேத்தண்ணி தந்ததும் அங்கிள், "ஊரில எந்தக் கோயிலடி, பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். எங்கள் அப்பா முடிவெட்டியவர் என்பது அவருக்கு அதிலேயே விளங்கிவிட்டது. வாசலில் செருப்பு மாட்டும்போது, நான் குடித்த கோப்பையை அன்ரி குப்பை வாளிக்குள் போட்டு உடைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டாம் முறை, அதே மகளின் கலியாண விருந்து. அவள்தான் வற்புறுத்தி அழைத்தாள். மாப்பிள்ளை ஆர்மேனியன். குடும்பப் பெயர் பெர்பேரியன். யாரோ அதற்கு அர்த்தம் கேட்டார்கள்.

"முடிவெட்டுபவரின் பிள்ளைகள் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பார்பர், இத்தாலிய மொழியில் பார்பியேரி. எல்லாம் ஒரே வேர்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

அங்கிள் அவன் தோளில் கை போட்டார். "எவ்வளவு பழைய பரம்பரை பாருங்கோ. தொழிலைப் பெயரிலேயே வச்சிருக்கினம்."

என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "அது வேற, பிள்ளை. இது வேற."

எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. எனக்கு மட்டும் காகிதக் கோப்பை. குடித்து முடித்து, நானே அதைக் குப்பை வாளியில் போட்டேன். அன்ரிக்கு அந்த வேலை மிச்சம்.